குருநகர்த் தமிழ் பேசிய யப்பான் படங்கள்

யப்பான்காரர் எடுத்த பூதப் படங்களை நான் முதன்முதலில் பார்த்தது யாழ்ப்பாணத்துக் கரையோரம் இருக்கும் எங்கள் குருநகர்த் தமிழில்தான். கடலுக்குள்ளிருந்து மலையளவில் ஒன்று எழும்பி வரும். கரையில் நிற்கும் யப்பான் பொலிஸ்காரர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ மாதாவே, எல்லாரும் ஓடுங்கோடா!" என்று கத்துவார். இப்போது அதே படங்களைத் தேடி வாங்கி, சுத்தம் செய்யப்பட்ட பிரதிகளில், கீழே எழுத்து ஓட ஓடப் பார்க்கிறேன். என்னைப்போல இந்தப் பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலர் இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஒளிப்பதிவையும் இசையையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், நானும் சேர்ந்து பேசுவேன். ஆனாலும் அந்தப் பொலிஸ்காரர் மாதாவைக் கூப்பிடாமல் ஓடுவது இன்றைக்கும் எனக்கு ஒரு குறைதான்.

அவரைக் கூப்பிட வைத்தவர் சித்தப்பா. அப்பாவின் கடைசித் தம்பி. யப்பானில் ஏதோ ஒரு துறைமுகத்தில் மீன் வைக்கும் குளிரறையில் பல வருடம் வேலை செய்துவிட்டு, சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் ஊருக்கு வந்தார். வெளிநாட்டால் வருகிறவர்கள் சொக்கிலேற்றும் வாசனைச் சோப்பும் கொண்டுவருவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் கொண்டுவந்தது படம் போடும் ஒரு பழைய டெக், அதற்கு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் ஒரு கனத்த இரும்புப் பெட்டி, ஒரு பெரிய பை நிறையப் படக் கசெற்றுகள். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, "உந்தக் குப்பையைக் காவுறதுக்கோ உவ்வளவு தூரம் போனனீர்?" என்று கேட்டார். சித்தப்பா சிரித்தார். அவருக்கு அது குப்பை இல்லை என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

அவர் தங்கியிருந்த இடத்தின் காவலாளி ஒரு கிழவராம். பூதப் படம் என்றால் சாப்பாடு வேண்டாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டுவாராம். கிழவரின் பேச்சு இவருக்கு விளங்காது, இவர் பேச்சு கிழவருக்கு விளங்காது, பூதம் மட்டும் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கும். ஊருக்குப் போகிறேன் என்று சொன்னபோது கிழவர் தன் கசெற்றுகளைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டாராம்.

யப்பான் கசெற் எங்கள் வீட்டு ரிவியில் நிறம் காட்டாது. கறுப்பு வெள்ளைப் படமும் கறுப்பு வெள்ளை, கலர்ப் படமும் கறுப்பு வெள்ளை. நான் சாம்பல் நிறம் என்று நம்பி அன்பு வைத்திருந்த ஒரு பூதம் உண்மையில் கிளிப்பச்சை என்று தெரிய எனக்கு முப்பது வயது ஆகவேண்டியிருந்தது. தெரிந்த அன்றைக்குக் கொஞ்சம் மனம் நொந்தும் போனேன்.

எங்கள் பகுதியில் ஞாயிறு யாரும் கடற்தொழிலுக்குப் போகமாட்டார்கள். காலையில் பூசை, மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் படம். ஜன்னல்களுக்கு ஆண்கள் உடுக்கும் சாரத்தைக் கட்டி அறையை இருட்டாக்குவார்கள். ஒரு ஜன்னலுக்கு மட்டும் சாரம் போதாமல் பாதி திறந்தே கிடக்கும். பிள்ளைகள் நிலத்தில், பெண்கள் சுவரோரம், ஆண்கள் வாசலில். வீட்டில் இருந்த ஒரேயொரு கைக்கதிரையில் அண்ணாவியார் இருப்பார். எங்கள் கோயில் பெருநாளுக்குக் கூத்துப் பழக்குகிறவர் அவர்தான். அவர் வந்து இருந்த பிறகுதான் சித்தப்பா கசெற்றைத் தள்ளுவார்.

பிறகு ரிவிக்குப் பக்கத்தில் நின்று, வாய்கள் அசைய அசைய, யார் என்ன சொல்கிறார்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போவார். ஆணுக்கு ஒரு குரல், பெண்ணுக்கு ஒரு குரல், விஞ்ஞானிக்கு எங்கள் பங்குச் சுவாமியின் குரல். அவருக்குத் தெரிந்த யப்பான் பாசை மீன்பெட்டியைத் தூக்கு, இறக்கு, ஐஸ் போடு என்ற அளவுக்குத்தான் போதும் என்பதைப் பெரியவர்கள் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. கதை நன்றாக இருந்தது.

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. பூதம் ஊரை மிதித்துக்கொண்டு வரும்போது மேசையைச் சுற்றியிருந்து கூட்டம் போடும் அதிகாரிகளை அவர் எங்கள் அரசாங்க அதிபர் ஜீ.ஏ.யும் அவருடைய ஆட்களும் ஆக்கிவிடுவார். "சனம் எல்லாம் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகட்டும். நிவாரண அட்டை இருக்கிறவைக்கு மட்டும்தான் அரிசி," என்று மூக்குக்கண்ணாடி போட்ட யப்பான் மந்திரி சொல்லுவார். வீடு அதிரச் சிரிப்பு எழும்பும். சிரித்தவர்கள் எல்லோரும் அந்த அட்டையோடு வரிசையில் நின்றவர்கள்.

எங்களூர் ஆட்கள் படம் பார்த்த விதத்தை இப்போது நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. பூதத்துக்குள் ஒரு மனிதன் நிற்கிறான் என்பதை முதல் நாளே எல்லோரும் கண்டுகொண்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைக் கண்டால், பொய் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அண்ணாவியார் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உள்ளுக்கு நிக்கிறவன் ஆட்டம் பழகினவன்," என்றார். "காலை வைக்கிற வடிவைப் பாருங்கோ. உவ்வளவு பாரத்தைச் சுமந்துகொண்டு தாளம் பிசகாமல் வைக்கிறான்."

கூத்தில் ராசா வேஷம் கட்டுகிறவர் பிரம்பும் துணியும் மணியுமாய் ஒரு பெரும் பாரத்தை உடம்பில் கட்டிக்கொண்டு ஆடவேண்டும். அந்தக் கஷ்டம் தெரிந்த ஊர். பூதம் திரும்பும்போது வால் வீட்டுக்கூரைகளைத் தட்டிவிட்டால், வேண்டுமென்றே தட்டினானா, தவறித் தட்டினானா என்று வாசலில் வாதம் நடக்கும். அண்ணாவியார் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார். கடற்காட்சி வந்தால் ஆண்கள் தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். அது தொட்டித் தண்ணீர் என்று துளி தெறிக்கும் அளவைக்கொண்டு சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு, தொட்டிக்குள் இவ்வளவு கடலைக் காட்டினானே என்று மெச்சவும் செய்வார்கள்.

பையில் பேய்ப் படங்களும் இருந்தன. தலைமயிரை முகத்தில் விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளை உடுப்பில் ஒரு பெண் நாணற்புதருக்குள் நிற்பாள். ஒன்றும் செய்யமாட்டாள், சும்மா நிற்பாள். பூதத்துக்குப் பயப்படாத நான் அவளுக்குப் பயந்து அம்மாவின் மடிக்குள் முகத்தை வைத்துவிடுவேன். பெண்கள் பயப்படவில்லை. அவளுக்கு என்ன நடந்தது, யார் அவளை இந்தக் கோலத்துக்கு ஆக்கினது என்று அறிவதில்தான் அவர்களுக்கு அவசரம். படம் முடியமுன்பே அவளுடைய புருஷனைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது சித்தப்பா முதன்முதலில் போட்ட படம். அதில் பூதம் கடலுக்கு அடியில் தன்பாட்டில் கிடக்கிறது. யாரோ அங்கே கொண்டுபோய்க் குண்டு வெடித்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அது கரைக்கு வருகிறது. பின்வீட்டு மாமி அதைக் கேட்டதும் நாக்கைத் தட்டி, "பாவம். இருந்த இடத்திலை குண்டைப் போட்டால் அதுதான் எங்கை போறது? இடம்பெயர்ந்து வந்திருக்குது," என்றார். அதோடு அறை முழுவதும் பூதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. கடைசியில் அது விழும்போது நான் ஒவ்வொரு முறையும் அழுவேன். மற்றப் பிள்ளைகள் என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பகுதியைச் சித்தப்பா எங்களுக்குக் காட்டுவதில்லை. ஒரு மீன்பிடிக் கிராமம் தெரியும், ஒரு வள்ளம் கரையை விட்டுப் போகும். உடனே அவர் கை டெக்குக்குப் போகும். உருவங்கள் வெட்டி வெட்டி ஓடும். "உதிலை கதை ஒண்டும் இல்லை," என்பார். பூதம் வந்தபிறகுதான் படம் மறுபடி நடக்கத் தொடங்கும்.

இவ்வளவு கலகலப்பும் நடந்த வீட்டில் அப்பாவும் சித்தப்பாவும் கதைப்பதில்லை.

சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஒரே வளவு, ஒரே கிணறு, அம்மா வைக்கிற ஒரே குழம்பு. ஆனால் ஒருவருக்கு ஒருவர் வாய் திறப்பதில்லை. சித்தப்பா யப்பானிலிருந்து வந்து வாசலில் நின்றபோது அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தாராம், உள்ளே வர வழிவிட்டு ஒதுங்கினாராம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் என் மூலம் நடந்தது.

"பிள்ளை, உன்ரை சித்தப்பாட்டைச் சொல்லு, வாளியைக் கிணத்துக்கட்டிலை விட்டிட்டு வரவேண்டாம் எண்டு," என்பார் அப்பா. சித்தப்பா அதே கிணற்றடியில், கை எட்டும் தூரத்தில் நிற்பார். "கொப்பரிட்டைச் சொல்லு, வாளி விட்டது நானில்லை எண்டு," என்பார். இரண்டையும் நான் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இருவரும் காதில் விழாதவர்கள் மாதிரியே நிற்பார்கள். நான் சொல்லி முடித்ததும் அப்பா அப்போதுதான் கேட்டவர்போலத் தலையாட்டுவார். அம்மா குசினிக்குள்ளிருந்து, "ஒரு வயித்திலை பிறந்த ரெண்டு எருமையள்," என்று பொதுவாகச் சொல்லுவார். அதை யாருக்கும் திருப்பிச் சொல்லும்படி கேட்பதில்லை.

தொடக்கத்தில் எனக்கு இந்த உத்தியோகம் பிடித்திருந்தது. பிறகு அலுத்துப்போனது. சித்தப்பா சாப்பிட வந்தால் அப்பா கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிடுவார். இருவரையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்திருக்க எனக்கு ஆசை. அந்தோனியார் தொலைந்த பொருட்களைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று மறைக்கல்வியில் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் பேச்சும் தொலைந்துபோன பொருள்தானே என்று நினைத்து, கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

காரணம் எனக்குத் தெரியாமலும் இல்லை. சித்தப்பா யப்பானுக்குப் போனபோது வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் போனவர் என்று அறிந்திருந்தேன். அவர்கள் இருவருக்கும் நடுவில் இன்னொரு சகோதரர் இருந்தார் என்பதும், அவர் தொழிலுக்குப் போன இடத்தில் கடலில் இறந்தார் என்பதும் எனக்குத் தெரியும். அது நான் பிறக்கமுன்பு. ஆனால் இவை இரண்டையும் தனித்தனியாகத்தான் அறிந்திருந்தேன். அந்த நடுச் சகோதரரும் சித்தப்பாவும் ஒரே வள்ளத்தில் சோடியாகத் தொழில் செய்தவர்கள், பின்னேரம் இருவரும் சேர்ந்து கடலில் விரித்துப் படுக்கவிட்டு வந்த வலையை விடிய வள்ளத்தில் ஏற்றப் போனபோது, சித்தப்பா இரவோடு இரவாகப் புறப்பட்டுவிட்டதால் அவருக்குச் சோடி இருக்கவில்லை, அதனால் தனியே போனார் என்பதை யாரும் ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லவில்லை.

படம் நடக்கும் ஞாயிறுகளில் அப்பா உள்ளே வரமாட்டார். ஆனால் சாரம் போதாத அந்த ஜன்னலுக்கு வெளியே, முருங்கைக்குக் கீழே, வலையை விரித்து வைத்துக்கொண்டு கிழிசல்களைப் பொத்துவார். ஞாயிறு வலையைத் தொடுவது பாவம் என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்தவர் அவர். மற்ற ஞாயிறுகளில் ஊசி நூலை எடுத்துக் கொடுத்தாலே கோபம் வரும். சித்தப்பாவின் படங்கள் தொடங்கிய பிறகு அந்தப் பாவம் எப்படியோ பாவமில்லாமல் போயிற்று. பல வாரமாகப் பொத்தியும் அந்த வலை முடியவில்லை. அம்மா அதைக் கண்டும் காணாதவராக ஜன்னலால் தேத்தண்ணி நீட்டுவார்.

கோயில் பெருநாள் நெருங்கியபோது சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். "கொப்பரிட்டைச் சொல்லு, பெருநாள் முடிய நான் திரும்பிப் போறன் எண்டு." அப்பா வேலிப் படலையடியில் நின்றார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா ஒழுங்கைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லிப்போட்டுப் போறது நல்ல பழக்கம்தான் எண்டு சொல்லு."

எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. பழக்கம் நல்லது என்று அப்பா மெச்சியிருக்கிறார். சந்தோஷமாகத் திரும்பி ஓடி, ஒரு சொல்லும் குறையாமல் சொன்னேன். சித்தப்பா உள்ளே போய்ப் பாயில் சரிந்து படுத்துக்கொண்டார். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை. அம்மா என்னை முறைத்துப் பார்த்தார். நான் என்ன பிழை செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் போய்விடப் போகிறார் என்பது மட்டும் விளங்கியது. அவர் போனால் அந்தப் பேச்சு பிறகு வரவே வராது என்று அம்மா மாமியிடம் சொல்லியதையும் கேட்டேன். பெருநாள் வந்தது, புனிதரின் சிலை வைத்த கூட்டைத் தூக்கி ஊரைச் சுற்றினார்கள், கூத்து ஆடினார்கள். சகோதரர்கள் இருவரும் கூட்டின் ஒவ்வொரு பக்கத்தில் நின்று ஒரே காலடியில் சுமந்துகொண்டு போனார்கள், கதைக்கவில்லை. எனக்கு அந்தோனியார்மேல் கோபம் வந்தது.

பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு கடைசிப் படம். எது வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். எல்லோரும் அந்த முதல் படத்தைத்தான் கேட்டோம். அன்று வழமையைவிடக் கூட்டம். அண்ணாவியார் தன் கதிரையை ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே அப்பாவின் தலை தெரிந்தது.

படம் தொடங்கியது. கிராமம் தெரிந்தது. ஓர் இளம் ஆள் வள்ளத்தைத் தனியே தள்ளிக்கொண்டு போனான். கரையில் ஒருவர் நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனிச் சித்தப்பா ஓடவிடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அவர் கை டெக்குக்குப் போகவில்லை.

அவர் பேசத் தொடங்கினார். எந்த ஆளுக்கும் ஒரு குரல் கட்டுகிறவர் அன்று தன் சொந்தக் குரலில் பேசினார்.

"நான் சொல்லிப்போட்டுப் போயிருக்கவேணும். வலை படுத்துக் கிடக்குது எண்டு எனக்குத் தெரியும். விடிய நான் இல்லையெண்டால் அவர் தனியத்தான் போவார் எண்டும் தெரியும். பின்னேரம் கரைக்குத் தள்ளுற சோழகக் காத்துத்தான் அடிச்சது. சோழகத்துக்கு ஒரு ஆளே வலை ஏத்தலாம், ஒண்டும் நடவாது எண்டு நினைச்சிட்டன்."

கரையில் நின்றவரின் வாய் அசையவில்லை. அதையும் கவனித்தேன். மனதுக்குள் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன், தமிழ்ப் படங்களில் அப்படி வரும். இப்போது அந்தப் பகுதியை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அங்கே யாரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. காற்றின் சத்தம்கூட இல்லை.

"சோழகமில்லை."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. அறையில் எல்லாத் தலையும் திரும்பியது. அப்பா எங்களைப் பார்க்கவில்லை. சித்தப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அண்டைக்கு விடியச் சோழகம் செத்துப் போச்சு. வாடைக் காத்து எழும்பினது. ஒருத்தரும் எதிர்பார்க்கேல்லை. முன்னுக்குப் போன வள்ளம் எல்லாத்தையும் வெளியாலை இழுத்துப்போட்டுது."

சித்தப்பா திரும்பவில்லை. ரிவியைப் பார்த்தபடியே, "எனக்குத் தெரியாது அண்ணை," என்றார்.

"எப்பிடித் தெரியும்? நீ நிக்கேல்லைத்தானே."

நான் துள்ளி எழும்பி அம்மாவைப் பார்த்தேன். கதைக்கிறார்கள்! நடுவில் நான் இல்லாமல் கதைக்கிறார்கள்! யப்பான் படத்தில் காற்றைப் பிழையாகச் சொன்னது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, அதனால் வாய் திறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சிரிப்பு. கடற்தொழிலாளிக்கு முன்னால் காற்றைப் பிழையாகச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஆனால் அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அப்பா வாசலால் உள்ளே வந்தார். வலை இன்னும் தோளில் கிடந்தது. நேரே வந்து ரிவிக்கு முன்னால், சித்தப்பாவுக்கு எதிரே நின்றார்.

"வள்ளம் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நான்தான் போய்க் கண்டனான். வலை முழுக்க உள்ளுக்கு ஏத்திக் கிடந்துது. வலைக்கண் ஒண்டைக்கூட அறுத்து விடேல்லை. வேலையை முடிச்சுப்போட்டுத்தான் திரும்பியிருக்கிறான்." தோளில் கிடந்த வலையை இழுத்துவிட்டார். "அந்த வாடைக்கு ரெண்டு பேர் தண்டு வலிச்சாலும் கரை பிடிச்சிருக்கேலாது. நீ நிண்டிருந்தால் நீயும் இல்லை. எனக்கு ஒருத்தரும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லையடா."

சித்தப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அப்பாவின் உடம்புக்குப் பின்னால் திரையில் வெளிச்சம் கூடிக் குறைவது மட்டும் தெரிந்தது. கடல் கொதிக்கும் இடம் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். முதல் தடவையாக ஓடவிடாமல் வருகிற இடம், இந்த முறை அது எப்படி எழும்புகிறது என்பதை முழுதாகப் பார்க்கலாம்.

"அப்பா, மறைக்காதேங்கோ," என்றேன். "இப்பத்தான் அது வரப்போகுது."

ஒருவரும் என்னை ஏசவில்லை. அப்பா என்னைப் பார்த்தார், திரையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு விலகினார். சித்தப்பாவின் தோளைப் பிடித்து அமத்தி நிலத்தில் இருத்தி, தானும் பக்கத்தில் இருந்துகொண்டார். வலை இருவருடைய மடியிலும் கிடந்தது. நான் ஊர்ந்துபோய் நடுவில் இடம் பிடித்தேன்.

பூதம் எழும்பியது. பொலிஸ்காரர் ஓடிவந்து வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. யப்பான் சத்தம் வந்தது, தமிழ் வரவில்லை. நான் சித்தப்பாவின் கையைப் பிடித்து உலுப்பினேன். "என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ சித்தப்பா, என்ன சொல்லுறார்?" அவர் வாய் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"அவர்..." என்று அப்பா தொடங்கினார். தொண்டையைச் செருமினார். "அவர், எல்லாரும் ஓடுங்கோ எண்டு சொல்லுறார். மாதாவே எண்டு கத்துறார்."

அதற்குப் பிறகு முழுப் படத்துக்கும் அப்பாதான் சொன்னார். அவருக்குக் குரல் மாற்ற வராது. மந்திரிக்கும் விஞ்ஞானிக்கும் விஞ்ஞானியின் மகளுக்கும் ஒரே குரல், அதுவும் கரகரத்த குரல். அதைவிட, யார் வாய் திறந்தாலும் அவர்கள் எங்கேயாவது ஓரிடத்தில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுவார்கள். காதலனும் காதலியும் பிரிகிற இடத்தில்கூட, நாளைக்குக் காற்று விழுந்திடும் என்று காதலன் சொன்னான். அண்ணாவியார் முதலில் சிரித்தார். பிறகு சித்தப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே சிரித்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. கடைசியில் பூதம் விழுந்தபோது சுவரோரம் இருந்த பெண்கள் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். இத்தனை நாளும் நான் மட்டும் தனியே அழுதேன், இப்போதுதான் இவர்களுக்குப் பூதத்தின் அருமை விளங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பா நிற்கவில்லை, அந்தக் கிழமையே போனார். பஸ் நிலையத்துக்கு அப்பா பையைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனார். "போட்டு வாறன் அண்ணை," என்று சித்தப்பா சொன்னார். "போட்டு வா," என்று அப்பா சொன்னார். அதில் திருப்பிச் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

டெக்கும் கசெற்றுகளும் எங்களிடமே இருந்தன. மறுநாள் பள்ளிக்கூடத்தில், இனிமேல் படத்துக்கு யார் கதை சொல்லுவது என்று பிள்ளைகள் கவலையோடு கேட்டார்கள். நான் ஒரு கவலையும் படவில்லை. எங்கள் அப்பாவுக்கும் யப்பான் பாசை நன்றாகத் தெரியும், சித்தப்பாவோடு கோபமாக இருந்தபடியால் இவ்வளவு காலமும் தெரியாதவர்போல் இருந்தவர் என்று எல்லோருக்கும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.